லீக்கேஜைக் கூப்பிட்டோம், லீக்கேஜே வந்தார்

மேனாம்பேட்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகக் கீழே விழுந்ததில்லை. மழை மட்டும் விதிவிலக்கு. அதையும் அவர் அண்ணாந்து பார்த்து முறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

பெயர் லீக்கேஜ். தொழில் பிளம்பர். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். நான் கேட்டதில்லை, தெருவில் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. வீடு தேடிப் போனால் அவர் சம்சாரமே, "லீக்கேஜு வேலைக்குப் போய்கீதுங்களே" என்றுதான் சொல்வார். சமீபத்தில் லீக்கேஜ் ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தப் பக்கத்துக் குழாய்களுக்கு என் அனுதாபங்கள்.

ஆள் குள்ளம். வண்டி ஒரு கிழட்டு மொபெட். அதில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும்படி பைப்புகளைக் கட்டியிருப்பார். அவர் தெருமுனையில் திரும்பி வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் பைப்பின் வால் திரும்பும். அது வருகிற நேரத்தில் குனிந்துகொள்ள எங்கள் தெருக்காரர்கள் பழகியிருந்தோம். நெற்றியில் வீக்கத்தோடு யாராவது வந்தால், புதிதாகக் குடிவந்தவர் என்று புரிந்துகொண்டு நலம் விசாரிப்போம்.

ஒழுகுகிற எதையும் அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு கல்யாணத்தில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் ஊற்றியாயிற்று. நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், குழந்தைகள் அலறல் ஒரு பக்கம். இத்தனைக்கும் நடுவில் கைகழுவும் இடத்தில் ஏதோ ஒரு குழாய் சொட்டுவது அவர் காதில் விழுந்துவிட்டது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. மாப்பிள்ளையின் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் ரசக்கையோடு வரிசையில் நிற்க, இவர் தரையில் குந்திக்கொண்டு, "இருங்கப்பா, வாஷர் மாத்திகினு கீறேன்ல? கை இன்னா ஓடியா பூடப் போவுது?" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

இதாவது பரவாயில்லை. அவர் மச்சான் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மச்சான் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இவர் பார்வை மச்சான் பக்கமே போகவில்லை. பாட்டிலையே பார்த்தார். சொட்டு... சொட்டு... சொட்டு. "பாத்தீங்களா சார், பெரிய ஆஸ்பத்திரின்றாங்க, எம்மா நேரமா சொட்டிகினு கீது, ஒருத்தன் கண்ணுல படல" என்றபடி, டியூபின் நடுவிலிருந்த சின்னச் சக்கரத்தை இறுக்கி மூடிவிட்டார். மூடிய திருப்தியோடு, "இப்ப எப்டி கீற மாமே?" என்று நலம் விசாரிக்கத் தொடங்கினார். ஓடி வந்த நர்ஸ், "யாரு இதை மூடினது?" என்று கத்த, இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நான்தாம்மா. டாங்க்ஸ்லாம் வாணாம்" என்றார்.

சுவருக்குள் ஒழுகும் பைப்பைக் கண்டுபிடிக்க ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். அதைச் சுவரில் கவிழ்த்துக் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பைப் ஒழுகும் சத்தம் கேட்டதோ இல்லையோ, பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சத்தம் சுத்தமாகக் கேட்கும். அவர் டம்ளரோடு தெருவில் இறங்கினால் எல்லா வீட்டிலும் சண்டையை நிறுத்திவிடுவார்கள். அந்த வகையில் அவர் எங்கள் தெருவின் அமைதிக்குச் செய்த சேவை கொஞ்சநஞ்சமல்ல.

இப்பேர்ப்பட்ட சூரருக்கு ஒரே ஒரு பயம். கரண்ட். வீட்டில் விளக்கைக்கூடச் சம்சாரம்தான் போட வேண்டும். சம்சாரம் இல்லாத நேரத்தில் இவர் துடைப்பக்கட்டையால் எட்ட நின்று சுவிட்சைத் தட்டுவார். கேட்டால் ஒரு கதை சொல்வார். முன்னொரு காலத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் கை வைத்தபோது அது அவரைத் தூக்கி அடித்ததாம். நான் முதலில் கேட்டபோது தொட்டி ஓரத்தில் போய் விழுந்தார். பிறகு கேட்டபோது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தார். கடைசியாகக் கேட்டபோது பஸ் ஸ்டாப்பில் விழுந்து, நின்றிருந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

இனி ஸ்டெல்லா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தையல் மிஷினே கதியென்று கிடந்துவிட்டு, ஒரு நாள் துணிந்து வேலையை விட்டு, எலெக்ட்ரிக் ஆட்டோ வாங்கினாள். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவாள். எங்கள் போர்ட்டிகோ சுவரில் அதற்கென்று ஒரு சார்ஜர் பெட்டி வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தோம். பெட்டியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, அதன் நுனியில் பெட்ரோல் பங்க் குழாய் மாதிரி ஒரு கன். அதை ஆட்டோவின் வாயில் சொருகினால்தான் ஒயரில் கரண்ட் வரும், பச்சை விளக்கு எரியும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்த ஸ்டெல்லா கன்னைச் சொருகினாள். கோளாறென்றால் கரண்டைத் தானே நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் பட்டென்று விழுந்தது. தூக்கிவிட்டாள். மறுபடி விழுந்தது. லீவு முழுக்க ஓடாமல் நின்றிருந்த வண்டியில் சார்ஜ் சுத்தமாக இல்லை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. முந்தைய மாதம்தான் ஒரு தடவை வண்டி வழியில் நின்று, பிள்ளைகள் முதல் பெல்லைத் தவறவிட்டிருந்தார்கள். 'இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேன்ல சேர்த்துடுவோம்' என்று பெற்றோர் எல்லாரும் கூடிப் பேசி எச்சரித்திருந்தார்கள். "நாளைக்கு வண்டி எடுக்கலன்னா அவ்ளோதான் அண்ணா, திரும்ப மிஷினுக்குத்தான் போவணும்" என்றாள்.

என் மனைவி சுகந்தி எலெக்ட்ரீஷியன் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "ட்ரிப் ஆவுதுன்னா அது லீக்கேஜ்தான் மேடம். நான் மத்தியானம் வரேன், அதுக்குள்ள லீக்கேஜ் எங்கன்னு பாத்து வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். சுகந்தி சொன்ன சொல் தட்டாதவள். லீக்கேஜ் எங்கே என்று பார்த்தாள். அவர் பால்வாடி குழாயில் வேலையாக இருந்தார். ஆள் அனுப்பி வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் மொபெட்டை நிறுத்தி, பைப் ரென்ச்சைத் தோளில் சாத்திக்கொண்டு, "எங்க ஒழுவுது?" என்றார். சுகந்தி சார்ஜர் பெட்டியைக் காட்டினாள். இவர் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

"யம்மா தங்கச்சி, இது கரண்ட்டும்மா!"

"லீக்கேஜ்னு சொன்னாங்களே?"

"லீக்கேஜ்தான். அதுக்கு என்னியயா கூப்புடுவ? தண்ணி ஒழுவுனா தொடச்சிக்கலாம். கரண்ட் ஒழுவுனா நம்மளத்தான் தொடச்சி எடுக்கணும்!"

சொன்னாரே ஒழியக் கிளம்பவில்லை. ஒழுகுகிறது என்று தெரிந்த இடத்தை விட்டுப் போக அவருக்குக் கால் வராது. கேட்டுக்கு வெளியே முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில், "லீக்கேஜு வந்துட்டு லீக்கேஜ பாக்காம பூட்டான்னு நாளிக்கு ஊரு பேசும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். வரும்போது மொபெட்டில் தொங்கிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். சுகந்தியிடம் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கி மாட்டினார். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். மின்சாரம் அவரைப் பார்த்தால் அதுதான் பயந்திருக்கும்.

அந்த நேரத்துக்கு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து சேர்ந்தான். நல்ல பையன், வேலை தெரிந்தவன், அன்று அவனுக்கு அவசரம். கன்னைச் சொருகாமல் சுவிட்சைத் தூக்கினான், நின்றது. சொருகித் தூக்கினான், விழுந்தது. "லைன்ல ஒண்ணும் இல்ல. வண்டிக்குள்ளதான் எங்கியோ கரண்ட் லீக் ஆவுது. கம்பெனிக்காரன்தான் வந்து பிரிக்கணும். இன்னிக்கு சண்டே, வர மாட்டான்."

ஸ்டெல்லா பொலபொலவென்று அழுதுவிட்டாள். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. "சரி அழாதீங்கக்கா. இந்த ட்ரிப் சுவிட்ச எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துர்றேன். சார்ஜ் ஏறிடும். நாளைக்கு ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

ஸ்டூலின் மேலிருந்து ஹெல்மெட்டுக்குள்ளே ஒரு குரல் வந்தது. "இன்னா குடுப்ப?"

"டைரக்ட்டு, அண்ணாத்தே."

லீக்கேஜ் ஸ்டூலிலிருந்து குதித்தார். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. கரண்ட் என்றால் தெரு தாண்டி ஓடுகிற மனுஷன் நேராக மீட்டர் பெட்டிக்குப் போய், துடைப்பக்கட்டையால் மெயினைத் தட்டி அணைத்து, கையுறை போட்ட கையால் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க அண்ணாத்தே, எனக்கு இன்னும் வேலை கீது."

"அந்த சுவிச்சு இன்னாத்துக்கு வுயுது நைனா? ஒழுவுதுன்னு சொல்லிகினு வுயுது. சொல்றவன் வாயப் பொத்திட்டா ஒழுவறது நின்னுடுமா? இது கொயந்தைங்க ஏர்ற வண்டி. மயத் தண்ணில நின்னுகினு கம்பிய புடிச்சிகினுதான் ஏறும் அதுங்கோ."

"ஒரு நாள்தானே?"

"என்னிய அட்ச்சதும் ஒரு நாள்தான்." அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் விளையாட்டு இல்லை. "பஸ் ஸ்டாப்புல வுயுந்தேன், செவுரு தாண்டி வுயுந்தேன்னு சொல்லுவேன்ல? எங்கியும் வுயல நைனா. உட்டாத்தான வுயறதுக்கு? அது உடல. அங்கியே ஒட்டிகினேன். கத்தறேன், சத்தமே வர்ல. அந்தூட்டம்மா எதேச்சையா மெயினை அமுத்திச்சி, அதனால கீறேன். அந்தூட்லயும் டைரக்ட்டுதான் குட்த்து வச்சிருந்தானுங்கோ."

இத்தனை வருடம் நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்ட கதை அது. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாணாம் தம்பி. டைரக்ட் வாணாம். புள்ளைங்க வேன்ல போனாலும் பரவால்ல" என்றாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

தம்பியும் மண்டையைச் சொறிந்துகொண்டு பையைக் கீழே வைத்தான். "சரி, இப்ப இன்னாதான் பண்ணணும்ன்ற அண்ணாத்தே?"

அங்கேதான் லீக்கேஜ் மறுபடி லீக்கேஜ் ஆனார். கரண்டைப் பற்றி அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பெட்டியிலிருந்து கரண்ட் நிரம்பி வழிவதாகவும், அதற்கு ஒரு ஓவர்ஃப்ளோ பைப் வைத்து மொட்டை மாடிக்கு விட்டுவிடலாம் என்றும் முதலில் யோசனை சொன்னார். தம்பி அது முடியாது என்றான். அப்படியானால் எம்-சீல் பசை வைத்து அடைக்கலாமா என்றார். அதுவும் முடியாது. பிறகு டம்ளரை எடுத்துவரச் சொல்லி, ஆட்டோவின் வயிற்றில் கவிழ்த்துக் காதை வைத்துக் கேட்டார். "உள்ள யாரோ கீறாங்கோ" என்றார். அது பக்கத்து வீட்டு டி.வி.

கடைசியில் கன்னைக் கையில் எடுத்தார். ஃபியூஸ் கட்டைகள் தன் பையில்தான் இருக்கின்றன என்று தட்டிப் பார்த்துக்கொண்டு, அதன் வாயை மூக்கருகே கொண்டுபோனார். செப்டிக் டேங்க் கோளாறுகளை அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பது வழக்கம். முகர்ந்தவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, இதுல சாமி வந்து குந்திகினு கீதும்மா. சந்தன வாசன வருது!"

நாங்கள் சிரித்தோம். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த முகத்தின் பொருள் தெரியாதா?

"என்ன பண்ணினே?" என்றேன்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேங்க. உங்க ஸ்கூட்டருக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன். அந்தப் பொண்ணு பொழைக்கிற வண்டி, அதை மட்டும் எப்படி விடறது? அவ வேதக்காரி, வெளியில வெச்சா என்ன நினைப்பாளோன்னு..."

"வெளியில வெச்சா?"

"உள்ள வெச்சேன். குச்சியில பஞ்சு சுத்தி. ஒரு ஓட்டைக்கு ஒரு பொட்டு. சந்தனமும் குங்குமமும். நல்லா பன்னீர் விட்டுக் குழைச்சு."

எலெக்ட்ரீஷியன் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டு கன்னுக்குள் டார்ச் அடித்தான். கன்னின் ஒவ்வொரு துளையும் சர்வ மங்களமாக இருந்தது. "மேடம், அதுல ஒண்ணு கரண்டு, ஒண்ணு எர்த்து. ரெண்டுக்கும் நடுவுல ஈரச் சந்தனத்துல பாலம் போட்டுக் கீறீங்க. அதுல கரண்ட் கசிஞ்சி எர்த்துக்குப் போவுது. சுவிட்ச் வுயாம இன்னா பண்ணும்?" பிறகு மூக்கைச் சுருக்கினான். "ஆனா இது ஆயுத பூஜைக்கு வெச்சது. இந்நேரம் காஞ்சிருக்கணுமே. இன்னும் சொதசொதன்னு கீதே?"

இப்போது ஸ்டெல்லா சுவரைப் பார்த்தாள்.

"காலைல சர்ச்சுல மாதா கெபிலருந்து மந்திரிச்ச தண்ணி கொண்டாந்தேன்" என்றாள் மெல்ல. "லீவு முடிஞ்சி மொத சார்ஜு. அக்கா பாத்தா ஏதாச்சும் நெனைப்பாங்கன்னு, யாரும் இல்லாதப்ப கன்னுக்குள்ள ரெண்டு சொட்டு உட்டுட்டு சொருவுனேன்."

சுகந்தியும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார்கள். லீக்கேஜ் மட்டும் நீதிபதி மாதிரி நின்றார்.

"ஒரு சாமின்னா அது பாட்டுக்கு காப்பாத்திகினு இருந்திருக்கும். ரெண்டு சாமிய ஒரே ஓட்டையில இறக்குனா, அதுங்கோ எங்கதாம்மா ஒக்காரும்?"

தம்பி ஸ்பிரே அடித்து, பிரஷ் போட்டுத் துளை துளையாகத் துடைத்தான். சுகந்தி தலை உலர்த்தும் மிஷினை நீள ஒயர் போட்டுப் பக்கத்து வீட்டில் செருகிக் கொண்டுவந்து, செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பி மீட்டர் வைத்துச் சோதித்து, நன்றாகக் காய்ந்துவிட்டது, எர்த்தும் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் லீக்கேஜ் பையிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக, மனசே இல்லாமல், எடுத்துக் கொடுத்தார். சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தம்பி அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்த, அது டப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு லீக்கேஜ் எங்கள் முருங்கை மரத்தடியில் போய் நின்றார். மறுபடி தூக்கிக் கன்னைச் சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை நான் பால் பாக்கெட் எடுக்க வந்தபோது அவர் கேட்டருகே நின்றிருந்தார். முழுக்கச் சார்ஜ் ஏறட்டும் என்று ஸ்டெல்லா கன்னை இன்னும் கழற்றவில்லை. தெருமுனையில் பிள்ளைகள் பையும் குடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். லேசாகத் தூறல்.

"என்ன லீக்கேஜ், காலங்காத்தால?"

"கேட்டாண்ட டேப்பு சொட்டுச்சின்னு..." என்றார். எங்கள் கேட்டருகே குழாயே கிடையாது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் இல்லை, கையுறை இல்லை, ஸ்டூலும் இல்லை. பிள்ளைகள் கிட்டே வருவதற்குள் செருப்பைக் கழற்றி விட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்தார். கண்ணை இறுக மூடினார். உதடு ஏதோ முணுமுணுத்தது. புறங்கையை நீட்டி, பிள்ளைகள் பிடித்து ஏறுகிற அந்தக் கம்பியைத் தொட்டார். தொட்டபடியே நின்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, கதவு, இருக்கை, பின்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் தொட்டார். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா. புள்ளைங்கள ஏத்திக்க" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா கன்னைக் கழற்றி மாட்டினாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறினார்கள். ஆட்டோ சத்தமில்லாமல் கிளம்பிப் போனது. நான் அவர் பக்கத்தில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார்," என்றார், "என்னியவும் தொட்டுப் பாக்கறீங்களா?"

ஆமாம் என்றேன். விட மனம் வராமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.